நாடா எந்தப் பக்கம்

பொத்தான் வேண்டாம் என்றார்.
காலர் வேண்டாம், பை வேண்டாம், இஸ்திரியும் வேண்டாம்.
அப்புறம் அது என்ன சட்டை என்றேன்.
மூஞ்சிக்கல்லில் மழை. கடையில் கரண்ட் இல்லை.
பிரித்துப் பார்த்து அதே மாதிரி தைக்கச் சொல்லி
பழைய வெள்ளை ஒன்றை மேசைமேல் வைத்தார்.

லீவன் என்று பெயர். பெல்ஜியம்.
கடைத்தெரு அதற்குள் லீவு துரை ஆக்கியிருந்தது.
எழுபது வயதிருக்கும். உட்காரச் சொன்னதும்
நாற்காலியை நம்பாதவர் மாதிரி உட்கார்ந்தார்.

அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கும் பழக்கம் எனக்கில்லை.
சட்டையில் உண்டு.
கப்பல் பாய்த் துணி.
அடியில் கறுப்பு நூல், ஊசி பிடிக்கத் தெரியாத ஆம்பளை போட்டது.
அதன்மேல் வெள்ளை நூல், யாரோ பொறுமைசாலிப் பெண்.
கழுத்தருகே காப்பிக் கறை. காப்பி இல்லை, கேட்கவில்லை.
நாடா இடுப்பில் வலப்புறம் இருந்தது.
இடப்புறமும் ஊசி ஓட்டைகள்.
அங்கே இருந்த நாடா
எப்போதோ இங்கே குடிவந்திருக்கிறது.

"முதலில் பொம்பளைச் சட்டை மாதிரி மடித்துக் கட்டினீர்களோ?"

மாட்டிக்கொண்டவர் சிரிப்பு சிரித்தார்.
அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே அளவு,
அதனால் புரிந்தது.

ஐம்பத்தாறில், ஆண்ட்வெர்ப்பில்,
கராத்தே என்றால் ஏதோ மீன் என்று நினைப்பார்களாம்.
அந்த நாட்டுக்கு அதைக் கொண்டுவந்த முதல் ஆள் இவர்தான்,
இல்லை, இரண்டாம் ஆள், அதில் ஒரு சண்டை உண்டாம்.
சொல்லித்தர யாருமில்லை. ஒரு ஜப்பான் புத்தகம்.
எழுத்து பிடிபடாது, படம் மட்டும்.
படத்தில் நின்றவன் இவரைப் பார்த்து நின்றான்.
அவன் கை எந்தப் பக்கம் எழும்பியதோ
அந்தப் பக்கத்துக் கையை இவரும் தூக்கினார்,
கண்ணாடியில் தலை வாருகிற மாதிரி.
இரண்டு வருஷம்.
ரொட்டிக்கடைக் கிடங்கில் மாவு மூட்டைகளை ஒதுக்கிவிட்டு
பதினொரு பேருக்குக் கற்றும் கொடுத்தார்.

ஒருநாள் துறைமுகத்துக்கு வந்த ஜப்பான் கப்பலின் சமையல்காரன்
வேடிக்கை பார்க்க வந்தான். பார்த்தான்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூட்டைமேல் விழுந்தான்.
எல்லாமே இடம் வலமாம்.

வீடு வீடாகப் போய்க் கதவு தட்டி
பத்துப் பேரைத் திருத்திவிட்டார்.
பதினொன்றாம் ஆள் யான் அதற்குள் மடத்தில் சேர்ந்து
இந்தியாவுக்குக் கப்பல் ஏறியிருந்தான்.

"முப்பத்தெட்டு வருஷம்.
தப்பாகவே செய்துகொண்டிருப்பானோ,
விட்டுத் தொலைத்திருப்பானோ.
விட்டிருந்தால் தேவலை."

நான் கத்திரியைக் கீழே வைத்தேன்.
செண்பகனூர் சாமிமாருக்கு அங்கி தைப்பவள் நான்.
யான் சாமியார் அங்கி வருஷம் ஒருதரம் வரும்,
இடது கக்கம் மட்டும் கிழிந்து.
ஒட்டுப் போட்டு அனுப்புவேன்.
பூசையில் இப்படிக் கைவீச என்ன இருக்கிறது என்று
ஒருதரம் நினைத்ததுண்டு.

"விடவில்லை" என்றேன்.

வியாழக்கிழமை அங்கி கொடுக்கப் போனபோது
சரியாக விடியவில்லை. புல்லெல்லாம் உறைபனி.
மடத்துக்குப் பின்னால், பேரிமரங்களுக்கு நடுவே,
இரண்டு கிழவர்கள் எதிரெதிரே, வெறுங்காலில்.
திருத்த வந்தவர் வலக்கையை நீட்டினார்.
சாமியார் இடக்கையை நீட்டினார்.
கால் மாற்றினார்கள், திரும்பினார்கள், குனிந்தார்கள்.
மடிப்பில் வைத்து வெட்டிய துணியை
விரித்துப் பார்த்த மாதிரி இருந்தது.
யாராவது ஒருவர் நிறுத்துவார் என்று காத்திருந்தேன்.
அங்கியைத் திண்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் லீவு துரை வந்து போட்டுப் பார்த்தார்.
தோள் சரி. கை அரை விரல் நீளம், பரவாயில்லையாம்.
இன்னொன்று தைக்கணும், யானுக்கு.

அவர் அளவு என்னிடம் இருக்கிறது,
நாடா எந்தப் பக்கம்?

மழை விட்ட தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
முன்பணத்தை எண்ணி வைத்தார்.
"பொம்பளைச் சட்டைப் பக்கம்" என்றார்.

இடது கக்கத்துக்கு இரட்டைத் துணி கொடுத்தேன்.
அதை அவர் சொல்லவில்லை.